கிரிப்டோவுக்கும் பெரியதுரை உண்டு

புசல்லாவையில் ரொத்சைல்ட் என்றொரு தோட்டம் இருக்கிறது. ஐரோப்பாவின் பெரும் வங்கிக் குடும்பம் ஒன்றின் பெயர் அது. அந்தக் குடும்பத்தின் பெண்வழிப் பேரர்களான மொரிஸ் வோர்ம்ஸ், கேப்ரியல் வோர்ம்ஸ் சகோதரர்கள் இங்கே கோப்பித் தோட்டம் போட்டார்கள். 1841இல் சீனாவிலிருந்து தேயிலைக் கன்று கொண்டுவந்து நட்டும் பார்த்தார்கள். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலையை வியாபாரப் பயிராக்கிய 1867க்கு 26 வருடம் முந்திய கதை இது. காட்டை வெட்டியவர் யார், கன்று நட்டவர் யார் என்பதெல்லாம் எந்தப் பலகையிலும் இல்லை. முதல் போட்ட குடும்பத்தின் பெயர் மட்டும் இன்றுவரை நிற்கிறது.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் முகாமைத்துவம் திரும்பவும் கம்பனிகளின் கைக்கு வந்தது, சில வருடங்களில் பங்குகளும் விற்கப்பட்டன. விற்ற விதத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பெருந்தோட்டக் கம்பனிகளில் 51 சதவீதம் ஒரே வாங்குநருக்குப் போனது. 10 சதவீதம் தொழிலாளருக்கு இலவசமாக ஒதுக்கப்பட்டது. இவற்றுக்கு மேலே திறைசேரிச் செயலாளரின் பெயரில் ஒரேயொரு ‘தங்கப் பங்கு’ இருந்தது. அந்த ஒற்றைப் பங்கின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் தோட்டக் காணியைக் கம்பனி உபகுத்தகைக்குக் கொடுக்க முடியாது. இரண்டு வார அறிவித்தலோடு கணக்குப் புத்தகங்களைத் திறந்து பார்க்கவும் அதற்கு உரிமை உண்டு. பத்து சதவீதத்தைப் பங்கிட்டு வைத்திருந்த ஆயிரக்கணக்கான தொழிலாளரிடம் அப்படியொரு உரிமை இல்லை. நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆக வேண்டும் என்று வருடக்கணக்கில் கத்தியபோது அந்தப் பங்கைக் காட்டி யாரும் பேரம் பேசியதாகத் தெரியவில்லை. 2021இல் அது சம்பளச் சபை வழியாகத்தான் வந்தது.

பங்கு இருப்பது ஒன்று, சொல் செல்வது இன்னொன்று. மலையகத்தில் இதை யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் கிரிப்டோ நாணயம் என்று வந்துவிட்டால் மட்டும் இந்த அறிவைச் செருப்போடு வாசலில் கழற்றி வைத்துவிடுகிறோம். “இது யாருக்கும் சொந்தமில்லாத வலையமைப்பு அண்ணே, வங்கி இல்லை, முதலாளி இல்லை, எல்லாரும் சமம்” என்று பக்கத்து லயத்துப் பொடியன் போனைக் காட்டிச் சொன்னால் தலையாட்டிவிடுகிறோம்.

அவன் சொல்வதில் பாதி உண்மை. கிரிப்டோ வலையமைப்பின் பதிவேடு ஒரே இடத்தில் இருப்பதில்லை. யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினார் என்ற கணக்கு உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே மாதிரியாகப் பதிவாகிறது. ஒரு கணினியை நிறுத்தினால் மற்றவை ஓடும். கொழும்பில் ஒரு தலைமை அலுவலகத்தைப் பூட்டி இதை முடக்கிவிட முடியாது.

மற்றப் பாதி வேறு கதை. அந்தக் கணினிகள் எல்லாம் ஒரே விதிகளின்படி ஓடுகின்றன. எத்தனை நாணயம் புதிதாக அச்சாகும், கட்டணம் எவ்வளவு, பொதுநிதியில் இருக்கும் பணம் யாருக்குப் போகும், ஒருவரின் கணக்கை முடக்கலாமா கூடாதா என்பதெல்லாம் மென்பொருளில் எழுதிய விதிகள். மென்பொருள் பழுதாகும், திருத்த வேண்டிவரும், புதிய வசதி சேர்க்க வேண்டிவரும். திருத்துவதா வேண்டாமா என்று யாராவது முடிவெடுத்துத்தான் ஆகவேண்டும். அந்த யாராவது யார் என்பதில்தான் பணக்காரர் உள்ளே வருகிறார்.

ஒருவருக்கு ஒரு வாக்கு என்று வைத்தால் என்ன? கூட்டுறவுச் சங்கத்தில் அப்படித்தான். கண்டி தும்பறைப் பக்கம் 1906இல் தொடங்கிய சிக்கன கடன் கூட்டுறவு மரபில், ஆயிரம் ரூபாய் போட்டவருக்கும் ஒரு வாக்கு, இலட்சம் போட்டவருக்கும் ஒரு வாக்கு. அது நடப்பதற்குக் காரணம், சங்கத்துக்கு உறுப்பினரின் முகம் தெரியும், அடையாள அட்டை இலக்கமும் தெரியும். கிரிப்டோவில் பெயர் கிடையாது, முகம் கிடையாது. இருப்பது நீளமான ஒரு முகவரி மட்டும். ஒரே ஆள் ஒரு மணித்தியாலத்தில் ஆயிரம் முகவரி திறக்கலாம். தலைக்கு ஒரு வாக்கு என்றால் அவனுக்கு ஆயிரம் வாக்கு. இந்த மோசடியைத் தடுக்கத்தான் நாணயத்துக்கு ஒரு வாக்கு என்று வைத்தார்கள். கெட்ட எண்ணத்தில் வைத்த விதி அல்ல, வேறு வழி தெரியாமல் வைத்தது. விளைவு என்னவோ ஒன்றுதான்: நிறைய நாணயம் வாங்கியவருக்கு நிறைய வாக்கு. செயினலிசிஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2022இல் இப்படி இயங்கும் பத்துப் பெரிய அமைப்புகளை எடுத்துப் பார்த்தது. நாணயம் வைத்திருப்போரில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானவர்களிடம் 90 சதவீத வாக்குப் பலம் இருந்தது.

இது நடைமுறையில் எப்படி விளையாடும் என்பதற்கு ஸ்டீம் வலையமைப்பின் கதையைவிட நல்ல பாடம் கிடையாது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்டீம் 2016இல் தொடங்கியது. நெட் ஸ்கொட், டான் லாரிமர் இருவரும் ஸ்டீமிட் என்ற கம்பனியின் பெயரில் ஆரம்பித்தார்கள். எழுதுகிறவர்களுக்கும் நல்ல எழுத்தைக் கண்டெடுத்து வாக்களிக்கிறவர்களுக்கும் நாணயமாகவே வெகுமதி என்பது யோசனை. வலையமைப்பை ஓட்டுவதற்குச் ‘சாட்சிகள்’ என்று இருபது பேரை நாணயக்காரர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த இருபது பேரோடு மாறி மாறி வரும் ஒருவரையும் சேர்த்தால் இருபத்தொன்று. அதில் பதினேழு பேர் ஒத்துக்கொண்டால் விதியை மாற்றலாம். நாடாளுமன்றத்து மூன்றில் இரண்டைவிடக் கடினமான வரம்பு, பார்க்கப் பாதுகாப்பாகத்தான் தெரியும்.

ஒரு சிக்கல் தொடக்கத்திலேயே இருந்தது. வெளியாட்கள் வருவதற்கு முன்பு கம்பனியே பெரும் அளவு நாணயத்தைத் தனக்கு எடுத்துக்கொண்டிருந்தது. “இது வளர்ச்சிப் பணிக்கு மட்டும், இதை வைத்து வாக்களிக்க மாட்டோம்” என்று கம்பனி வாக்குக் கொடுத்தது. வாய்ப்பேச்சாகத்தான். மென்பொருளில் அந்தத் தடை எழுதப்படவில்லை. நான்கு வருடம் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

2020 பெப்ரவரி 14 அன்று ட்ரோன் நாணயத்தின் நிறுவனர் ஜஸ்டின் சன் ஸ்டீமிட் கம்பனியை வாங்கியதாக அறிவித்தார். கம்பனியோடு அந்த நாணயக் குவியலும் அவர் கைக்கு வந்தது. முந்திய முதலாளி கொடுத்த வாய்ப்பேச்சு புதிய முதலாளியைக் கட்டுமா? சாட்சிகள் பயந்தார்கள். பத்து நாளுக்குள் மென்பொருளில் ஒரு மாற்றம் செய்து, கம்பனியின் நாணயங்கள் வாக்களிக்கவோ வெளியேறவோ முடியாதபடி முடக்கினார்கள். இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். யாருடைய பணத்தையும் யாரும் தொட முடியாது என்று விளம்பரம் செய்த வலையமைப்பில், இருபது பேர் சேர்ந்து ஒருவரின் பணத்தைப் பூட்டிவிட்டார்கள். அவர்களின் அச்சத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் பூட்டுவதற்குச் சாவி இருக்கிறது என்பது அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்துபோனது.

மார்ச் 2இல் பதிலடி வந்தது. சன்னுடைய நாணயம் முடங்கிக் கிடந்தாலும் எக்ஸ்சேஞ்சுகளில் வேறு ஆட்களின் ஸ்டீம் குவிந்து கிடந்தது. நாணயம் வாங்கி விற்கும் சந்தைகள்தான் எக்ஸ்சேஞ்சுகள். வாடிக்கையாளர் தங்கள் நாணயத்தை அங்கே வைத்திருப்பார்கள், வங்கியில் பணம் வைப்பதுபோல. பினான்ஸ், ஹுவோபி, சன்னுக்கு வேண்டிய பொலோனிக்ஸ் ஆகிய மூன்று எக்ஸ்சேஞ்சுகளும் தங்களிடம் இருந்த வாடிக்கையாளர் நாணயத்தில் 4 கோடிக்கும் மேற்பட்ட ஸ்டீமை வாக்குக்குத் தகுதியான நாணயமாக மாற்றி சன்னின் ஆட்களுக்கு வாக்களித்தன. முதல் இருபது இடத்திலிருந்த சாட்சிகள் எல்லோரும் ஒரே நாளில் தூக்கப்பட்டார்கள். அவர்களின் இடத்தில் யாரும் கேள்விப்படாத புதிய கணக்குகள் வந்து உட்கார்ந்தன. புதிய இருபது ‘சாட்சிகள்’ போட்ட முதல் வேலை, சன்னின் நாணயத்தை முடக்கிய மாற்றத்தை நீக்கியதுதான்.

நாணயத்தை எக்ஸ்சேஞ்சில் வைத்திருந்த சாதாரண ஆளின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அவருடைய நாணயம், அவருக்குத் தெரியாமல், அவர் விரும்பியிருக்கக்கூடிய பக்கத்துக்கு எதிராக வாக்களித்தது. அதோடு முடியவில்லை. ஸ்டீமில் வாக்குக்காகப் பூட்டிய நாணயத்தை வெளியே எடுக்க 13 வாரம் ஆகும், வாரத்துக்கு ஒரு பங்காகத்தான் விடும். அந்த விதி குறுகிய இலாபத்துக்காக வந்து போகிறவர்களைத் தடுக்க வைத்தது. இப்போது அதே விதியால் வாடிக்கையாளரின் பணம் சிக்கிக்கொண்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் பினான்ஸ் தலைவர் சாங்பெங் சாவோ, நடப்பது என்னவென்று தெரியாமல் ஒப்புதல் கொடுத்துவிட்டதாகச் சொல்லி வாக்கைத் திரும்பப் பெற்றார். ஹுவோபியும் விலகியது. பழைய சாட்சிகளில் சிலர் மீண்டும் ஏறினார்கள். ஆனால் பதினேழு பேர் எந்தப் பக்கத்துக்கும் சேரவில்லை.

சிறியவர்களுக்கு அப்போது ஒரே வழிதான் மிஞ்சியது, வெளிநடப்பு. 2020 மார்ச் 20 அன்று பழைய சாட்சிகளும் எழுத்தாளர் கூட்டமும் சேர்ந்து ஸ்டீமின் மென்பொருளையும் கணக்குகளையும் அப்படியே பிரதி எடுத்து ஹைவ் என்ற புதிய வலையமைப்பைத் தொடங்கினார்கள். எல்லோருடைய இருப்பும் அங்கே பிரதியானது, சன்னின் குவியல் மட்டும் பிரதியாகவில்லை. அவர் பக்கம் வாக்களித்த சிலருக்கும் கிடைக்கவில்லை. இப்படிப் பிரிந்து போவதைத்தான் கிரிப்டோக்காரர்கள் ஃபோர்க் என்கிறார்கள். சங்கம் உடைந்து புதிய சங்கம் தொடங்குவது நமக்குப் புதிதல்ல. இங்கே வித்தியாசம், சொத்தையும் பிரதி எடுத்துக்கொண்டு போகலாம் என்பது.

அந்தப் பக்கம் என்ன நடந்தது? மே 20 அன்று ஸ்டீமில் இன்னொரு மாற்றம் வந்தது. எதிர்த்து நின்றவர்களின் 64 கணக்குகளிலிருந்து 2 கோடி 36 இலட்சம் ஸ்டீம் எடுக்கப்பட்டது. இந்த முறை முடக்கம் இல்லை, பறிமுதல். பூட்டுவதற்கு ஒரு சாவியைச் செய்தால் அது நாளைக்கு யார் கைக்குப் போகும் என்று தெரியாது என்பதை முதலில் முடக்கியவர்கள் மூன்றே மாதத்தில் சொந்தச் செலவில் கற்றார்கள்.

இந்தக் கதைக்கு ஒரு வாலும் உண்டு. ட்ரம்ப் குடும்பத்தோடு தொடர்புடைய வேர்ல்ட் லிபர்ட்டி ஃபைனான்ஷியல் திட்டத்தில் கோடிக்கணக்கான டொலர் போட்டு டோக்கன், அதாவது அந்தத் திட்டத்தின் நாணயம், வாங்கியவர்களில் ஜஸ்டின் சன்னும் ஒருவர். 2025 செப்டெம்பரில் அந்தத் திட்டம் அவருடைய முகவரியை முடக்கியது. பெரிய முதலீட்டாளராயிருந்தும் அவராலும் அதைத் தடுக்க முடியவில்லை. தோட்டத்தை நடத்தும் பெரியதுரைக்கும் மேலே ஒரு கம்பனி இருக்கும் என்பது தோட்டத்தில் பிறந்த எவருக்கும் தெரியும்.

ஸ்டீமில் சன் குறைந்தபட்சம் கம்பனியைக் காசு கொடுத்து வாங்கினார். காசே இல்லாமலும் பணக்காரர் ஆகலாம். 2022 ஏப்ரல் 17 அன்று பீன்ஸ்டாக் என்ற திட்டத்தில் அதுதான் நடந்தது. கிரிப்டோவில் ‘ஃபிளாஷ் லோன்’ என்று ஒரு கடன் இருக்கிறது. பிணை வேண்டாம், கையொப்பம் வேண்டாம். ஒரே நிபந்தனை, ஒரே பரிவர்த்தனைக்குள், அதாவது சில விநாடிக்குள், திருப்பிக் கட்டிவிட வேண்டும். கட்டாவிட்டால் கடன் கொடுத்ததே நடக்காததுபோல மென்பொருள் அழித்துவிடும். ஒரு மர்ம ஆள் முந்திய நாளே பொதுநிதியைத் தன் முகவரிக்கு அனுப்பும்படி ஒரு தீர்மானத்தை வைத்துவிட்டார். அவசரத் தீர்மானத்துக்கு ஒரு நாள் காத்திருக்க வேண்டும் என்பது விதி. நேரம் வந்ததும் சுமார் 100 கோடி டொலரைக் கடனாக எடுத்து, வாக்குரிமை உள்ள டோக்கனாக மாற்றி, மூன்றில் இரண்டுக்கும் மேல் வாக்கைக் கைப்பற்றி, தீர்மானத்தை நிறைவேற்றி, பணத்தை எடுத்து, கடனைக் கட்டிவிட்டுப் போய்விட்டார். திட்டம் இழந்தது 18 கோடி 20 இலட்சம் டொலர். மென்பொருளின் பார்வையில் அங்கே திருட்டு எதுவும் நடக்கவில்லை. தீர்மானம் முறைப்படி நிறைவேறியிருக்கிறது, அவ்வளவுதான்.

அதே வருடம் ஜூனில் சொலெண்ட் என்ற கடன் மேடையில் இன்னொரு கூத்து. அங்கே ஒரே ஆள், இந்த உலகத்துப் பாஷையில் ‘திமிங்கிலம்’, சுமார் 17 கோடி டொலர் மதிப்புள்ள சொலானா நாணயத்தைப் பிணையாக வைத்து சுமார் 10 கோடி 80 இலட்சம் டொலர் கடன் எடுத்திருந்தார். விலை சரிந்தால் அந்தப் பிணை முழுவதையும் சந்தையில் தள்ள வேண்டிவரும், சந்தையே கவிழும். மேடையை நடத்தியவர்கள் அவருடைய கணக்கைத் தற்காலிகமாகக் கையகப்படுத்த ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். சில மணித்தியாலத்தில் 97 சதவீத ஆதரவோடு நிறைவேறியது. பட்டியலைத் திறந்து பார்த்தால் ஆதரவான சுமார் 11 இலட்சம் வாக்கில் 10 இலட்சம் ஒரே முகவரியிலிருந்து வந்தது. ஒரு திமிங்கிலத்தின் கணக்கைப் பறிக்க இன்னொரு திமிங்கிலத்தின் வாக்கு. ஊரே சிரித்தது. அடுத்த நாளே இன்னொரு தீர்மானம் போட்டு முதல் தீர்மானத்தை இரத்துச் செய்தார்கள்.

பெரும்பாலான நேரத்தில் இவ்வளவு ஆரவாரம் வேண்டியதே இல்லை. மற்றவர்கள் வாக்களிக்க வராவிட்டால் போதும். கொம்பவுண்ட் என்ற பெயர்பெற்ற கடன் மேடையில் மொத்தம் ஒரு கோடி டோக்கன். 2024 ஜூலையில் ‘ஹம்பி’ என்ற புனைபெயரில் இயங்கிய ஒரு திமிங்கிலமும் அவர் கூட்டமும், பொதுநிதியிலிருந்து 4 இலட்சத்து 99 ஆயிரம் டோக்கனைத் தாங்கள் அமைத்த ஒரு பெட்டகத்துக்கு மாற்றும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார்கள். அன்றைய மதிப்பு சுமார் 2 கோடி 40 இலட்சம் டொலர். இதே யோசனை முன்பு தோற்றிருந்தது. இந்தத் தடவை வார இறுதியில் முடிந்த வாக்கெடுப்பில் 6,82,191க்கு 6,33,636 என்று வென்றது. இரண்டையும் கூட்டினால் மொத்த டோக்கனில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சப் பேர் எங்கே? டோக்கனை வாங்கி வைத்துவிட்டு விலை ஏறுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பேச்சுவார்த்தை நடந்து தீர்மானம் கைவிடப்பட்டது. சட்டமோ விதியோ அதைக் கைவிடச் சொல்லவில்லை, கூச்சலும் பேரமும்தான் சொல்லின.

வாக்குப் பெட்டியை எட்டிக்கூடப் பார்க்காமலும் பணம் பேசும். மென்பொருளை எழுதுகிறவர்கள் சில நூறு பேர்தான். அவர்களுக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள் என்பது பெரிய கேள்வி. எதீரியம் என்ற பெரிய வலையமைப்பில் இது 2024இல் வெளிப்பட்டது. எதீரியத்தின் மேல் எழுப்பிய ஐகன்லேயர் என்ற திட்டத்தைத் தொடங்கியவர் ஸ்ரீராம் கண்ணன். சென்னை அண்ணா பல்கலைக்கழக மாணவர்கள் உருவாக்கிய அனுசாட் செயற்கைக்கோள் வேலையில் இருந்தவர், பிறகு வொஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர். கிரிப்டோ உலகில் நம்மவர் எழுப்பிய பெரிய கட்டடங்களில் அது ஒன்று. அந்தத் திட்டத்தின் அறக்கட்டளைக்கு ஆலோசகராக எதீரியம் ஃபவுண்டேஷனின் முன்னணி ஆய்வாளர்களான ஜஸ்டின் டிரேக், டாங்ராட் ஃபைஸ்ட் இருவரும் சேர்ந்தார்கள், டோக்கன் ஊதியத்துக்கு. தன்னுடைய மற்றச் சொத்து அனைத்தையும்விட அந்த டோக்கன் கூடுதலாகப் பெறுமதியாகலாம் என்று டிரேக்கே வெளிப்படையாக எழுதினார். எதீரியத்தின் எதிர்கால விதிகளைப் பற்றி யோசிக்கிற ஆளின் சொத்தில் பெரும்பங்கு, அந்த விதிகளால் இலாபமடையக்கூடிய ஒரு திட்டத்தில். யாரும் யாரையும் ஏமாற்றினார்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் நடுவர் ஒரு அணியின் பங்காளியாயிருப்பது சரியா என்ற கேள்வி எழாமல் இருக்குமா? எழுந்தது. அந்த வருடம் நவம்பரில் டிரேக் மன்னிப்புக் கேட்டு விலகினார், இனி இப்படியான பதவிகளை ஏற்பதில்லை என்றார்.

வாக்கெடுப்பு வைத்துவிட்டு வாக்குக்கு முன்பே காரியத்தை முடித்துக்கொண்டதும் உண்டு. 2023 மார்ச் கடைசியில் ஆர்பிட்ரம் என்ற வலையமைப்பின் அறக்கட்டளை, தனக்கு 75 கோடி டோக்கன் ஒதுக்க வேண்டும் என்று உறுப்பினரிடம் வாக்குக் கேட்டது. பெரும்பான்மை எதிர்த்து வாக்களித்துக்கொண்டிருந்தபோது தெரிந்தது, டோக்கன் ஏற்கெனவே மாற்றப்பட்டாயிற்று, அதில் 5 கோடி கையைவிட்டும் போய்விட்டது. எடுத்த முடிவை உறுதிப்படுத்தச் சொன்னோம், அனுமதி கேட்கவில்லை என்று விளக்கம் வந்தது. நம்மூர்ச் சங்கக் கூட்டங்களில் இந்த விளக்கத்தைக் கேட்ட ஞாபகம் பலருக்கு வரலாம்.

பணக்காரர் எப்போதும் ஜெயிக்கிறார் என்று நினைத்துவிட வேண்டாம். பிட்கொயினில் ஒரு தடவை கூண்டோடு தோற்றார்கள். பிட்கொயினில் நாணயத்துக்கு வாக்குக் கிடையாது. விதியை மாற்ற வேண்டுமென்றால், கணினிச் சக்தியைப் போட்டுப் பரிவர்த்தனைகளைப் பதிந்து புது நாணயம் பெறும் சுரங்கக்காரர்களும் பணம் ஏற்கும் நிறுவனங்களும் தனித்தனியே கணினி ஓட்டும் சாதாரண ஆட்களும் எல்லோரும் புதிய மென்பொருளுக்கு மாற வேண்டும். 2017 மே 23 அன்று நியூயோர்க்கில் 58 நிறுவனங்கள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. கொயின்பேஸ், பிட்பே, பிட்மெய்ன் எல்லாம் அதில் இருந்தன. 22 நாடுகளைச் சேர்ந்தவை, பிட்கொயினின் கணினிச் சக்தியில் 83 சதவீதம் இவர்கள் பக்கம். பதிவேட்டில் சேரும் ஒவ்வொரு தொகுதியிலும் ஏற்றக்கூடிய பரிவர்த்தனை அளவை இரட்டிப்பாக்க வேண்டும் என்பது திட்டத்தின் ஒரு பாதி. கணக்குப் பார்த்தால் ஆட்டம் முடிந்துவிட்டது. ஆனால் வீட்டில் சிறிய கணினியில் பிட்கொயின் பதிவேட்டை ஓட்டிக்கொண்டிருந்தவர்களும் மென்பொருளை எழுதியவர்களும் அசையவில்லை. நீங்கள் வேறு விதிக்குப் போனால் அந்த நாணயத்தை நாங்கள் பிட்கொயின் என்று ஏற்க மாட்டோம் என்றார்கள். ஏற்க ஆளில்லாத நாணயத்தைச் சுரங்கமிட்டு என்ன பயன்? நவம்பர் 8 அன்று திட்டத்தை நடத்தியவர்களே அதைக் கைவிட்டார்கள்.

அதனால் பிட்கொயினில் எல்லாம் சுத்தம் என்றும் சொல்ல முடியாது. 2014 ஜூனில் ஜிஹாஷ் என்ற ஒரே சுரங்கக் கூட்டு மொத்தக் கணினிச் சக்தியில் பாதியைத் தொட்டது. பின்னைய வருடங்களிலும் இரண்டு கூட்டுகள், ஃபவுண்ட்ரியும் ஆன்ட்பூலும், பல வாரங்களில் பாதிக்குக் கிட்ட வைத்திருந்தன. எதீரியத்தில் கணக்குச் சரிபார்க்கும் பணிக்கு 32 ஈதரைப் பிணையாகப் பூட்ட வேண்டும். சாதாரண ஆளிடம் அவ்வளவு ஏது? பலரின் சிறு தொகையைத் திரட்டிப் பூட்டும் லீடோ போன்ற சேவைகளிடம் போகிறார்கள். 2022இல் லீடோ தன் வளர்ச்சிக்குத் தானே உச்சவரம்பு வைக்க வேண்டுமா என்று அதன் டோக்கன்காரரிடம் வாக்கெடுத்தது. 99 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். தன் கையைத் தானே கட்டிக்கொள்ள யார் வாக்களிப்பார்?

என் தீர்ப்பு இது: வாக்குரிமையால் சிறியவருக்குக் கிடைத்த பாதுகாப்பு மிகக் கொஞ்சம். ஸ்டீமிலும் பிட்கொயினிலும் பெரியவரைத் தடுத்தது, விட்டுப் போகவும் ஏற்க மறுக்கவும் சிறியவருக்கு இருந்த வசதி. அந்த வசதி, நாணயத்தின் சாவியை, அதாவது அதைச் செலவழிக்கும் இரகசியக் குறியை, தானே வைத்திருப்பவருக்கு மட்டும்தான். எக்ஸ்சேஞ்ச் செயலியில் இலக்கமாக வைத்திருப்பவரின் வாக்கும் வெளிநடப்பும் எக்ஸ்சேஞ்சுக்காரரின் கையில்.

நம் நாட்டு நிலைமையும் தெரிந்திருக்க வேண்டும். இலங்கை மத்திய வங்கி 2018, 2021, 2022 ஆண்டுகளில் கிரிப்டோ நாணயம் பற்றிப் பொதுமக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. 2017இன் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் 2021இல் வந்த பணிப்புரைப்படி வங்கி அட்டைகளால் கிரிப்டோ வாங்கப் பணம் செலுத்த அனுமதியில்லை. ஆகவே நஷ்டம் வந்தால் முறையிட ஓர் இடம் தேடுவது கஷ்டம். இன்னொன்று, மேலே சொன்ன ஸ்டீமும் கொம்பவுண்டும் எவ்வளவு கோளாறாக இருந்தாலும் உண்மையான வலையமைப்புகள், யார் எப்படி வாக்களித்தார் என்று எவரும் திறந்து பார்க்கலாம். ஆள் சேர்த்தால் கமிஷன் என்று மலையகம் வரை வந்த செயலிகளில் அந்த வாக்கெடுப்பே கிடையாது. கிரிப்டோ என்ற பெயரோடு வந்த ஸ்போர்ட்ஸ் செயின் போன்றவற்றை வங்கிச் சட்டத்தின் 83ஆம் ‘சி’ பிரிவின் கீழ்த் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களின் பட்டியலில் மத்திய வங்கி பெயர் குறித்தே போட்டிருக்கிறது.

யாராவது ஒரு டோக்கனை உங்களிடம் விற்க வந்தால் விலையை விட்டுவிட்டு முதலில் இதைக் கேளுங்கள்: முதல் பத்து முகவரிகளிடம் மொத்தத்தில் எத்தனை சதவீதம்? தொடங்கியவர்கள் தங்களுக்கு எவ்வளவு எடுத்தார்கள், அதை எப்போது விற்கலாம்? கணக்கை முடக்கும் சாவி யாரிடம், அதைத் திருப்ப எத்தனை பேரின் சம்மதம் வேண்டும்? கடைசித் தீர்மானத்தில் எத்தனை சதவீத டோக்கன் வாக்களித்தது? உண்மையான வலையமைப்பென்றால் இந்த நான்குக்கும் பதிலை இணையத்தில் அரை மணித்தியாலத்தில் எடுக்கலாம். விற்க வந்தவரால் அதைக்கூட எடுத்துக் காட்ட முடியவில்லையென்றால் காசை வெளியில் எடுக்காதீர்கள்.